168 பேர் ஒரு பேரரசை வீழ்த்தினார்களா? இன்கா வீழ்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை உலக வரலாறு பேசுகிறேன். இன்காக்களைப் பற்றிப் பேசிய நாளிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள், சிலர் இரவு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

இன்கா என்றால் என்ன? இனமா, நாடா, ராஜாவின் பட்டமா?

முதலில் அது பட்டம். ஆட்சியாளரையும் அவருடைய குலத்தாரையும்தான் 'இன்கா' என்றார்கள். அந்தக் குலத்தின் ஊர் குஸ்கோ. இன்றைய பெரு நாட்டின் தெற்கு மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் தவாந்தின்சூயு, அதாவது 'ஒன்றாகச் சேர்ந்த நான்கு பகுதிகள்'. ஆட்சி மொழி கெச்சுவா. மொத்த நாட்டையும் 'இன்கா' என்று சொல்வது பிறகு வந்த பழக்கம். வசதிக்காக நானும் அப்படியே எழுதுகிறேன்.

பச்சாகூத்தி என்ற மன்னர் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய படையெடுப்புகளால்தான் அது பேரரசானது. கொலம்பியாவின் தென் எல்லையிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை நீண்டது. ஸ்பானியர் வந்து இறங்கியபோது அதற்கு வயது ஏறக்குறைய நூறுதான். பிடிபட்ட நாடுகளில், பிடிபட்ட கதையைத் தாத்தா வாயால் கேட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாயா, அஸ்டெக், இன்கா எல்லாம் ஒன்றுதானே சார்?

இல்லை. அஸ்டெக் மெக்சிகோவில் இருந்தது. 1521இல் கோர்தேஸ் என்ற ஸ்பானியத் தளபதியிடம் வீழ்ந்தது. மாயா மக்கள் மெக்சிகோவின் தென்கிழக்கிலும் குவாத்தமாலாவிலும் பல சிற்றரசுகளாக இருந்தார்கள். அவற்றில் கடைசி அரசு 1697 வரை தாக்குப்பிடித்தது. இன்கா தென் அமெரிக்காவின் ஆண்டஸ் மலைத்தொடரைச் சேர்ந்தது. ஆனால் மன்னரைப் பிடித்தால் நாட்டைப் பிடிக்கலாம் என்ற பாடம், இன்காவைப் பிடிக்க வந்த ஸ்பானியர்களின் தலைவர் பிசாரோவுக்கு மெக்சிகோவிலிருந்து வந்திருந்தது.

எழுத்து இல்லை, சக்கரம் இல்லை, இரும்பு இல்லை. அப்புறம் எப்படி அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தை ஆண்டார்கள்?

கயிற்றாலும் காலாலும் ஆண்டார்கள். 'கிப்பு' என்பது ஒரு தடித்த கயிற்றிலிருந்து தொங்கும் பல வண்ண நூல்கள். முடிச்சின் வகையும் இடமும் எண்ணைச் சொல்லும், நம்மைப் போலவே பத்தடிமான முறையில். ஓர் ஊரில் எத்தனை குடும்பம், களஞ்சியத்தில் எவ்வளவு சோளம், யார் எத்தனை நாள் அரசு வேலை செய்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. எண்களைப் படிக்க ஆய்வாளர்கள் கற்றுவிட்டார்கள். பெயர்களும் கதைகளும் அதில் உண்டா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது.

30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டிருந்தார்கள். 'சாஸ்கி' என்ற அஞ்சல் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தி கொண்டு போனார்கள். செங்குத்தான படிக்கட்டுப் பாதையில் சக்கர வண்டியால் பெரிய பயனும் இல்லை. பாரம் சுமக்க லாமாக்கள் இருந்தன. நாணயம் கிடையாது, வரி உழைப்பாகவே வாங்கப்பட்டது. வழிநெடுகக் களஞ்சியங்கள் நிரம்பியிருந்தன. அந்தச் சாலையில்தான் பிசாரோவின் குதிரைகள் நடந்தன, அந்தக் களஞ்சியத்தில்தான் அவருடைய ஆட்கள் சாப்பிட்டார்கள். இவ்வளவு ஒழுங்கான நாடாக இல்லாவிட்டால் ஸ்பானியர் பாதி வழியில் பட்டினி கிடந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பிசாரோ ஸ்பெயின் அரசர் அனுப்பிய தளபதியா?

அரசர் அனுமதி கொடுத்தார், படை கொடுக்கவில்லை. பிரான்சிஸ்கோ பிசாரோ ஸ்பெயினில் த்ருஹியோ என்ற ஊரில், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பனாமாவில் நிலபுலத்தோடு இருந்தவர், தெற்கே பொன் விளையும் நாடு இருப்பதாகக் கேள்விப்பட்டு தியேகோ தெ அல்மாக்ரோவுடன் கூட்டுச் சேர்ந்தார். 1524இல் ஒரு பயணம், 1526இல் ஒன்று. இரண்டிலும் பசியும் சாவும்தான் மிச்சம். இரண்டாவதில் வியாபாரப் பொருள் ஏற்றி வந்த ஒரு பெரிய கட்டுமரத்தைக் கடலில் மடக்கினார்கள். அதிலிருந்த பொன்னும் வெள்ளியும் நேர்த்தியான துணியும்தான் அவர்களுக்குக் கிடைத்த முதல் ஆதாரம்.

1529இல் ஸ்பெயின் போய், பட்டத்தரசி இசபெல்லாவிடம் ஒப்பந்தம் வாங்கி வந்தார். ஆளுநர் பதவி பிசாரோவுக்கு. அல்மாக்ரோவுக்குக் கிடைத்தது ஒரு கோட்டைப் பொறுப்பு. அந்தக் கசப்பு எங்கே போய் முடிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். கூட வந்தவர்களும் சம்பளச் சிப்பாய்கள் அல்ல. தையல்காரர், பத்திர எழுத்தர், வியாபாரி என்று பலரும் குதிரையும் வாளும் தாங்களே வாங்கிக்கொண்டு கொள்ளையில் பங்கு கேட்டு வந்தவர்கள்.

1532 நவம்பர் 16ஆம் தேதி கஹமார்காவில் என்னதான் நடந்தது?

அதற்கு முந்தைய கதை கொஞ்சம் வேண்டும். 1520களின் பிற்பகுதியில் பேரரசர் ஹுவைனா காபாக் வடக்கே கித்தோ பக்கம் ஒரு கொள்ளைநோயில் இறந்தார். வாரிசாக நினைத்திருந்த மகனும் அதே சமயத்தில் இறந்தார். குஸ்கோவில் ஹுவாஸ்கர், கித்தோவில் அதாவால்பா என்று இரண்டு மகன்கள் சிம்மாசனத்துக்காக மோதினார்கள். பல ஆண்டு உள்நாட்டுப் போர். ஹுவாஸ்கர் பிடிபட்ட செய்தி அதாவால்பாவுக்கு வந்து சேர்ந்த நாட்களில்தான் பிசாரோவின் 62 குதிரை வீரர்களும் 106 காலாட்களும் மலையேறி, இன்றைய பெருவின் வடக்கே உள்ள கஹமார்கா என்ற ஊருக்கு வந்தார்கள்.

அதாவால்பா ஊருக்கு வெளியே வெந்நீர் ஊற்றருகே, பல பத்தாயிரம் பேர் கொண்ட படையோடு தங்கியிருந்தார். முதல் நாள் சந்திக்கப் போன பிசாரோவின் படைத் தலைவர்களில் ஒருவரான எர்னாந்தோ தெ சோத்தோ குதிரையை அவர் முகத்தருகே கொண்டுபோய் நிறுத்தியபோதும் அசையவில்லை. பயந்து பின்வாங்கிய தன் ஆட்களைக் கொல்லச் சொன்னார். மறுநாள் மாலை ஆயிரக்கணக்கான பரிவாரங்களோடு, பெரும்பாலும் ஆயுதமின்றி, பல்லக்கில் சதுக்கத்துக்கு வந்தார். சதுக்கம் காலியாக இருந்தது. ஸ்பானியர் சுற்றியிருந்த நீளமான கட்டடங்களுக்குள் ஒளிந்திருந்தார்கள். பயத்தில் சிலருக்கு நின்ற இடத்திலேயே சிறுநீர் போனது என்று அவர்களில் ஒருவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

வின்சென்தே தெ வால்வெர்தே என்ற துறவி மட்டும் மொழிபெயர்ப்பாளனோடு வெளியே வந்தார். பேச்சு முறிந்ததும் சிறு பீரங்கி வெடித்தது, எக்காளம் ஊதியது, குதிரைகள் பாய்ந்தன. வெளியேறும் வழி குறுகலானது. நெரிசலில் மதிற்சுவரே சரிந்தது. பல்லக்குத் தூக்கிகள் வெட்டுப்பட வெட்டுப்பட அடுத்தவர் வந்து தோள் கொடுத்தார்கள். கை போனவர்கள்கூடத் தோளால் தாங்கினார்கள். இரண்டு மணி நேரத்தில் பல ஆயிரம் பேர் செத்தார்கள். ஸ்பானியர் ஒருவரும் சாகவில்லை. பிசாரோவுக்குக் கையில் ஒரு வெட்டு, அதுவும் அதாவால்பாவை உயிரோடு பிடிக்கத் தன் ஆளைத் தடுத்தபோது பட்டது. இதைப் போர் என்று எழுதும் புத்தகங்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. அது படுகொலை.

பைபிளைத் தூக்கி எறிந்ததால்தான் தாக்கினார்களாமே?

பதுங்கியிருந்ததே திட்டம்தான், புத்தகம் ஒரு சாக்கு. வால்வெர்தே சொன்னது, ஸ்பானியர் எல்லா இடத்திலும் வாசித்த அறிவிப்பின் சாரம்: எங்கள் தேவனையும் எங்கள் அரசரையும் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வரும் சாவுக்கு நீயே பொறுப்பு. அதாவால்பா கையில் கொடுக்கப்பட்ட நூலைப் புரட்டிப் பார்த்து எறிந்தார் என்று பிசாரோவின் செயலாளர் ஹெரேஸ் எழுதினார்.

அதாவால்பாவின் உறவினரான தித்து குசி 1570இல் சொல்லி எழுதவைத்த கணக்கு வேறு. முதலில் அதாவால்பா பொற்கிண்ணத்தில் சோள மதுவான சிச்சாவைக் கொடுத்தார், ஸ்பானியர் அதைத் தரையில் கொட்டினார்கள், பதிலுக்குத்தான் புத்தகம் விழுந்தது என்கிறார். ஆண்டஸ் வழக்கில் மது பகிர்வது உறவின் அடையாளம். யார் யாரை முதலில் அவமதித்தது என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஸ்பானியர்களைக் கடவுள் என்று நம்பி ஏமாந்தார்கள் என்று படித்தேனே?

'விராகோச்சா' என்ற படைப்புக் கடவுளின் பெயரால் ஸ்பானியரை அழைத்தது உண்மை. சிலருக்கு முதலில் குழப்பமும் இருந்திருக்கும். ஆனால் அதாவால்பாவின் தூதர் முன்பே போய் அவர்களை நெருங்கிப் பார்த்து, இவர்கள் மனிதர்கள், சாதாரணத் திருடர்கள் என்றுதான் சொல்லியிருந்தார். சிலரைக் காயடித்து வேலைக்கு வைத்துக்கொண்டு, குதிரைகளை வளர்க்க எடுத்துக்கொள்வது என்பதே தன் எண்ணம் என்று அதாவால்பா சிறையில் சொன்னதாகப் பதிவு உண்டு. கடவுளிடம் யாரும் அப்படித் திட்டம் போடமாட்டார்கள். அவர் தவறியது பக்தியால் அல்ல. இத்தனை படை இருக்கும்போது 168 பேர் என்ன செய்துவிடுவார்கள் என்ற அலட்சியத்தால்.

வெளியே அவ்வளவு பெரிய படை இருந்ததே, ஏன் வந்து மீட்கவில்லை?

மன்னர் உயிரோடு எதிரியின் கையில் இருந்தார். தாக்கினால் அவரைக் கொன்றுவிடுவார்கள். அவரே தாக்க வேண்டாம் என்று கட்டளை அனுப்பினார். சூரியனின் மகனாகக் கருதப்பட்டவரின் கட்டளையை மீறி முடிவெடுக்கும் ஏற்பாடே அந்த ஆட்சியில் கிடையாது. தளபதி ரூமிஞாவி ஒரு பகுதிப் படையோடு வடக்கே போய்விட்டார். கிஸ்கிஸ் தொலைவில் குஸ்கோவில் இருந்தார். சால்குச்சிமாக் பேச்சை நம்பிக் கஹமார்காவுக்கு வந்து தானும் கைதியானார், பிறகு உயிரோடு எரிக்கப்பட்டார்.

ஓர் அறை நிறையத் தங்கம் கொடுத்தார் என்பது கட்டுக்கதையா?

உண்மை. அறை சுமார் 22 அடி நீளம், 17 அடி அகலம். கையைத் தூக்கி எட்டும் உயரத்தில் கோடு போட்டு, அதுவரை ஒருமுறை பொன்னும் இரண்டு முறை வெள்ளியும் நிரப்புவதாகச் சொன்னார் அதாவால்பா. மாதக்கணக்கில் சுமைகள் வந்தன. குஸ்கோவின் சூரியக் கோயில் சுவரிலிருந்து மட்டும் எழுநூறு பொன் தகடுகளைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். அந்தப் பாவத்தில் கைவைக்க ஊர்க்காரர்கள் மறுத்ததால், அங்கே போன மூன்று ஸ்பானியரே பெயர்த்தார்கள்.

மொத்தம் சுமார் 6 டன் பொன்னும் 12 டன் வெள்ளியும் தேறின. குதிரை வீரன் ஒருவனின் பங்கு ஏறக்குறைய 40 கிலோ பொன், 80 கிலோ வெள்ளி. ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் அரசருக்கு. குடம், சிலை, அணிகலன் என்று எதையும் பார்க்காமல் உருக்கிக் கட்டியாக்கினார்கள். உருக்கும் வேலையை அந்த ஊர்க் கொல்லர்களைக் கொண்டே செய்ய வைத்தார்கள். தங்கள் பாட்டன் செய்ததைத் தங்கள் கையாலேயே உலையில் போட்டவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சொன்னதைக் கொடுத்த பிறகும் ஏன் கொன்றார்கள்?

விடுவித்தால் படை திரட்டுவார். வைத்திருந்தால் மீட்கப் படை வரும் என்ற வதந்தி நாளுக்கு நாள் பெருகியது. 1533 ஏப்ரலில் புதிய ஆட்களோடு வந்த அல்மாக்ரோவின் கூட்டத்துக்கு மீட்புப் பொன்னில் உரிய பங்கு இல்லை. அவர்களுக்கு அடுத்த கொள்ளைக்கு, குஸ்கோவுக்கு, கிளம்பும் அவசரம். கைதியாக இருந்தபடியே ஹுவாஸ்கரைக் கொல்லச் சொன்னதும் குற்றச்சாட்டாகியது. எரித்துக் கொல்வதாகத் தீர்ப்பு. மன்னரின் உடல் பாடம் செய்யப்பட்டு, இறந்த பின்னும் வணங்கப்படும் நாட்டில் எரிப்பது இரண்டாவது சாவு. ஞானஸ்நானம் பெற்றால் கழுத்தை நெரிப்போம் என்றார்கள். ஏற்றுக்கொண்டார். 1533 ஜூலை 26 அன்று கொல்லப்பட்டார். ஒரு மன்னரை இப்படிக் கொன்றது ஸ்பெயின் அரசர் ஐந்தாம் சார்லஸுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அரச பங்கு திருப்பி அனுப்பப்படவில்லை.

அப்போ 168 பேர் ஜெயித்தார்கள் என்பது நிஜம்தானே? துப்பாக்கியா, நோயா, எது காரணம்?

168 பேர் ஒரு மனிதரைப் பிடித்தார்கள். நாட்டைப் பிடித்தது வேறு ஒரு பெரிய கூட்டம். துப்பாக்கி ஒரு டஜன்கூட இல்லை, அதிலும் ஒவ்வொரு முறை மருந்து கிட்டிக்கவே நேரமாகும். உண்மையில் வித்தியாசம் செய்தவை எஃகு வாளும் குதிரையும், அதிலும் சமதரையில் மட்டும். நோய் முதலில் வாரிசுப் போரை உண்டாக்கியது. அது பெரியம்மை என்பதே பலரின் கருத்து. பிறகு 16ஆம் நூற்றாண்டு முழுக்க அலை அலையாக வந்து மக்கள்தொகையைப் பாதிக்கும் கீழே கொண்டுபோனது.

இன்னொரு காரணத்தைத்தான் பள்ளிப் பாடங்கள் விட்டுவிடுகின்றன. முதல் கேள்வியில் சொன்ன அந்த நூறு வயதை நினைத்துப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் அதாவால்பாவிடம் அடிபட்ட கஞாரிகள், இன்கா ஆட்சியை விரும்பாத சச்சபோயாக்கள், மந்தாரோ பள்ளத்தாக்கின் ஹுவான்காக்கள் எல்லாம் ஸ்பானியருடன் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். வழி, உணவு, சுமைதூக்கி, படை எல்லாமே அவர்கள் தந்தது. ஹுவாஸ்கர் பக்கத்துக் குஸ்கோ பிரபுக்கள்கூட 1533 நவம்பரில் பிசாரோவை மீட்பர்போல வரவேற்றார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்கள் துரோகிகள்தானே?

எதற்குத் துரோகம்? 'பூர்வகுடிகள்' என்ற ஒற்றை அணி அன்று இல்லை. ஹுவான்காவுக்கு இன்கா ஓர் அந்நிய ஆட்சியாளர். ஊரையே பெயர்த்து வேறு இடத்தில் குடியமர்த்துவது இன்காவின் வழக்கம். பிடித்த நாட்டுக் குழந்தைகளை மலையுச்சியில் பலி கொடுத்ததும் உண்டு. 1999இல் யூயாய்யாக்கோ எரிமலையின் உச்சிக்கருகே உறைந்த நிலையில் கிடைத்த மூன்று பிள்ளைகளின் உடல்கள் அதற்குச் சாட்சி. ஸ்பானியரின் கொடுமையைச் சொல்வதற்காக இன்காவைப் புனிதமாக்க வேண்டியதில்லை.

ஹுவான்காக்கள் என்ன நினைத்தார்கள் என்பது ஒரு வழக்கிலிருந்தே தெரிகிறது. 1561இல் அவர்களின் தலைவர்கள் லிமா நீதிமன்றத்துக்குக் கிப்புகளோடு வந்தார்கள். 1533 முதல் ஸ்பானியருக்குக் கொடுத்த லாமா, சோளம், போர்வை, ஆள் என்று முடிச்சு முடிச்சாக வாசித்துக் காட்டி, இதற்கு ஈடு கொடுங்கள் என்றார்கள். ஸ்பானியர் கேட்காமல் பறித்துக்கொண்டதற்கும் கணக்கு இருந்தது. கூட்டாளி என்று நம்பிக் கணக்கு வைத்தவர்கள் அவர்கள். ஸ்பானியர் அவர்களையும் மற்றவர்களைப் போல அடிமைகொண்டார்கள்.

அதாவால்பாவோடு எல்லாம் முடிந்துவிட்டதா?

இன்னும் 39 ஆண்டுகள் இழுத்தது. ஹுவாஸ்கரின் தம்பி மான்கோவைப் பிசாரோ மன்னராக்கினார். பிசாரோவின் தம்பிகள் அவரைச் சங்கிலியில் கட்டினார்கள், பொன் கேட்டுச் சித்திரவதை செய்தார்கள், கொன்சாலோ அவர் மனைவியையே பறித்தான். 1536 ஏப்ரலில், ஒரு பொற்சிலை இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு மான்கோ குஸ்கோவிலிருந்து கிளம்பினார். திரும்பி வந்தது பெரும்படையோடு. கவணில் பழுக்கக் காய்ச்சிய கற்களை எறிந்து கூரைகளைக் கொளுத்தினார்கள். முற்றுகை சுமார் பத்து மாதம் நீடித்தது. பிசாரோவின் தம்பி ஹுவான், சக்சய்வாமான் கோட்டையடியில் செத்தான். தளபதி கிசோ யுப்பாங்கி குறுகிய கணவாய்களில் பாறைகளை உருட்டி, உதவிக்கு வந்த படைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தார். குதிரையை வெல்லும் வழியை அதற்குள் கற்றிருந்தார்கள்.

லிமாவின் சமவெளியில் மட்டும் அது பலிக்கவில்லை. கிசோ அங்கே விழுந்தார். லிமாவைக் காக்க ஹுவாய்லாஸ் நாட்டுத் தலைவி கோந்தார்வாச்சோ படை அனுப்பினார். அவர் மகள் பிசாரோவின் பிள்ளைகளுக்குத் தாய். மான்கோ காட்டுக்குள் வில்கபாம்பாவுக்குப் பின்வாங்கி அங்கே ஓர் அரசை நடத்தினார். அவர் அடைக்கலம் கொடுத்த ஸ்பானிய ஓடுகாலிகளே அவரைக் குத்திக் கொன்றார்கள். கடைசி மன்னர் துப்பாக் அமாரு பிடிபட்டு, 1572 செப்டம்பரில் குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டப்பட்டார்.

மச்சு பிச்சுதான் அந்தக் கடைசித் தலைநகரா?

இல்லை. அது பச்சாகூத்தியின் மலை அரண்மனை. 1911இல் அங்கே போன ஹைரம் பிங்கம் அதையே வில்கபாம்பா என்று நம்பினார். உண்மையான வில்கபாம்பா இன்னும் கீழே, காடு மூடிய எஸ்பிரித்து பம்பா.

பிசாரோ கடைசியில் நிம்மதியாக வாழ்ந்தாரா?

மேலே சொன்ன அல்மாக்ரோவின் கசப்பு போரானது. 1538இல் பிசாரோ சகோதரர்கள் அல்மாக்ரோவைக் கொன்றார்கள். 1541 ஜூன் 26 அன்று அல்மாக்ரோவின் ஆட்கள் லிமாவில் பிசாரோவை அவர் வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். பிசாரோவின் தம்பி எர்னாந்தோ ஸ்பெயினில் இருபது ஆண்டு சிறையிருந்தான். கொன்சாலோ அரசருக்கு எதிராகக் கிளம்பி 1548இல் தலை இழந்தான்.

பொன்தான் தீர்ந்துவிட்டதே, அப்புறம் ஏன் ஸ்பெயின் அங்கேயே இருந்தது?

1545இல் போத்தோசி மலையில் வெள்ளி கிடைத்தது. இன்காவின் உழைப்பு வரியான 'மித்தா'வை அரசப் பிரதிநிதி தொலேதோ 1570களில் சுரங்கக் கட்டாய வேலையாக மாற்றினார். பழைய மித்தாவில் அரசு சாப்பாடு போட்டது, விருந்து வைத்தது. புதியதில் பலர் ஊர் திரும்பவில்லை.

அந்த நிலத்தின் பயிர்களும் உலகம் சுற்றின. உருளைக்கிழங்கு ஆண்டஸ் மலைக்காரர்களின் பயிர். நிலக்கடலையும் தென் அமெரிக்காவுடையது. கடலூர், விழுப்புரம் பக்கம் அதை மணிலா, மல்லாட்டை என்கிறோமே, அந்த மணிலா ஸ்பானியரின் ஆசியத் துறைமுகம்.

இப்போது இன்காக்கள் யாராவது இருக்கிறார்களா?

அரசு இல்லை, மக்கள் இருக்கிறார்கள். கெச்சுவா பேசுவோர் பல நாடுகளிலுமாகச் சுமார் 80 லட்சம் பேர். 1975இல் பெரு அதை ஆட்சிமொழியாக ஏற்றது. குஸ்கோ பகுதியில் கெஸ்வாச்சாக்கா என்ற புல்கயிற்றுப் பாலத்தைச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் புதிதாக முறுக்கிக் கட்டுகிறார்கள், இன்கா காலத்தில் கட்டிய அதே முறையில்.

எழுதி வைத்தது எல்லாம் ஸ்பானியர்தானே, அதை எப்படி நம்புவது?

முழுக்க அவர்கள் மட்டும் அல்ல. தித்து குசியை மேலே பார்த்தோம். குவாமான் போமா என்ற ஆண்டஸ் காரர் 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு ஏறக்குறைய 1,200 பக்கக் கடிதம் எழுதினார், கிட்டத்தட்ட நானூறு படங்களோடு. அது 1908இல் கோபன்ஹேகன் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. நான் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் படிக்கிறேன். தங்களுக்குப் பெருமை சேர்க்காத விஷயத்தை ஒருவர் சொன்னால், அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

ஆனால் சொந்த மக்களின் பதிவும் எப்போதும் நேரடிச் செய்தி அல்ல. குவாமான் போமாவின் படத்தில் அதாவால்பாவின் தலை வெட்டப்படுகிறது. நிஜத்தில் கழுத்து நெரிக்கப்பட்டார், தலை போனது துப்பாக் அமாருவுக்கு. மக்கள் நினைவில் இரண்டு மன்னர்களும் ஒருவராகிவிட்டார்கள். 1950களில் ஆய்வாளர்கள் ஆண்டஸ் கிராமங்களில் கேட்டு எழுதிய 'இன்கார்ரி' கதையிலும் அந்தத் தலை வருகிறது. வெட்டுண்ட இன்காவின் தலை மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறதாம். அதிலிருந்து கீழ்நோக்கி உடல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருக்கிறதாம்.